ஓரேட்டுக் காந்தம்

காந்தம் இரும்பைக் கவரும் என்பதை அறியாத சிறுவரும் நம்மிடையே இலர். கடலோடிகளுக்குத் திசை காட்டியதும், கருமார் பட்டறையில் சிதறிய ஆணிகளைத் திரட்டித் தந்ததும், பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் விளையாட்டுப் பொருளாய்க் கிடந்ததும் இக்காந்தமே. இங்ஙனம் நெடுநாட் பழகிய பொருளாயினும், அதனைப்பற்றிய ஓர் எளிய வினாவுக்கு விடை காண்பதில் அறிஞர் உலகம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டைச் செலவிட நேர்ந்தது. அவ்வினா யாதெனின், காந்தம் ஒன்றை மேன்மேலும் மெல்லியதாகச் சீவிக்கொண்டே சென்றால், எத்துணை மெல்லியதாகும் வரையில் அது காந்தமாக நிற்கும் என்பதே.

ஒரு காந்தக் கோலை இரண்டாக ஒடித்தால், ஒடிந்த ஒவ்வொரு துண்டும் வடமுனையும் தென்முனையும் உடைய முழுக் காந்தமாகவே இருத்தலை நாம் ஆய்வுச் சாலையிற் கண்டிருக்கின்றோம். அத்துண்டை நீளத்தில் ஒடியாமல் கனத்தில் சீவுவதாக வைத்துக்கொள்வோம். நூறு அணுக்களின் கனம், பத்து அணுக்களின் கனம் என்று குறைத்துக்கொண்டே வந்து, இனிப் பிரிக்க இயலாத ஒற்றை ஏடாக அது நிற்கும்போது, அதன் காந்த குணம் நிற்குமோ, அழியுமோ? ஒரு சாரார் நிற்கும் என்றனர். மற்றொரு சாரார் அழியும் என்றனர். இரு சாராரும் கணிதத்தையே தமக்குச் சான்றாகக் காட்டினர். 2017-ஆம் ஆண்டிலேதான் கண்கூடான விடை கிடைத்தது. அவ்விடை கிடைத்த வரலாற்றையும், அதனால் நம் காலத்துக் கணிப்பொறிகளுக்கு விளையக்கூடிய பயனையும், இன்னும் தீராது நிற்கும் இடர்களையும் இக்கட்டுரையில் முறையே ஆராய்வோம்.

முதலில் காந்த சக்தி எங்கிருந்து பிறக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். 1922-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில் ஸ்டெர்ன், கெர்லாக் என்னும் இரு அறிஞர்கள் வெள்ளியின் அணுக்களை மெல்லிய தாரையாக ஓடவிட்டு, ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்குமாறு அமைத்த காந்த மண்டலத்தின் ஊடே செலுத்தினர். அத்தாரை எங்கும் பரவாமல் இரண்டாகவே பிளந்தது. இதன் உட்பொருள் அப்போது முற்றும் விளங்கவில்லை. 1925-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் இளைஞர்களாயிருந்த ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்னும் இருவரும், எலெக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் இயற்கையாகவே ஒரு சுழற்சி உண்டு என்னும் கருத்தை வெளியிட்டனர். இதனையே ஆங்கிலத்தில் ஸ்பின் என்பர். பம்பரம் சுழல்வதுபோல எலெக்ட்ரான் மெய்யாகவே சுழல்கின்றது என்று கொள்ளலாகாது. பம்பரத்துக்கும் அதற்கும் சில குணங்கள் ஒத்திருத்தலால் இப்பெயர் வழங்குகின்றது, அவ்வளவே. நமக்கு வேண்டுவது ஒன்று: இச்சுழற்சியினால் எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் மிகச் சிறியதொரு காந்த ஊசியாக விளங்குகின்றது. அளந்து பார்க்குங்கால், அவ்வூசி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ, இரண்டில் ஒரு நிலையிலேயே காணப்படும்.

அங்ஙனமாயின் எலெக்ட்ரான்கள் நிறைந்த எல்லாப் பொருள்களும் காந்தமாக வேண்டுமே என்று கேட்கலாம். பெரும்பாலான பொருள்களில் எலெக்ட்ரான்கள் மேலொன்றும் கீழொன்றுமாக இணை இணையாக அமைந்து, ஒன்றன் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடுகின்றது. இரும்பு, நிக்கல், கோபால்ட், குரோமியம் முதலியவற்றின் அணுக்களிலோ இணையில்லாத எலெக்ட்ரான்கள் எஞ்சி நிற்கின்றன. அவ்வணுக்கள் அருகருகே இருக்கும்போது ஒன்றையொன்று பாதிக்கின்றன. இப்பாதிப்பின் காரணத்தை 1928-ஆம் ஆண்டில் ஹைசன்பெர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். சில பொருள்களில் அண்டையணுக்களின் ஊசிகள் யாவும் ஒரே திசை நோக்கி நிற்க விரும்பும். இவற்றை ஒருமுகக் காந்தம் என்போம். வேறு சிலவற்றில் அண்டையணுக்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்க விரும்பும்; இவற்றை எதிர்முகக் காந்தம் என்போம். எதிர்முகக் காந்தத்திலும் ஒழுங்கு உண்டு. ஆயினும் புறத்தே இரும்பை இழுக்கும் ஆற்றல் இல்லை.

இவ்வொழுங்கிற்குப் பெரும் பகை உஷ்ணமே. உடற்பயிற்சி வேளையில் விளையாட்டு மைதானத்தில் மாணவர் வரிசையாக நின்று ஒரு திசையை நோக்குவதை நினைவு கூர்க. ஆசிரியர் கண்டிப்பாயிருக்கும்வரை வரிசை கலையாது. மாணவர்களுக்குத் துடிப்பு மிகுந்துவிட்டாலோ ஒருவன் கிழக்கும் ஒருவன் மேற்கும் நோக்குவான். அணுக்களும் அவ்வாறே. பியேர் கியூரி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1895-ஆம் ஆண்டில் இதனைச் செவ்வையாக ஆராய்ந்தார். இரும்பு 770 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தை அடைந்ததும் தன் காந்த ஒழுங்கை இழந்துவிடுகின்றது. இவ்வெல்லைக்கு அவர் பெயராலேயே கியூரி உஷ்ணநிலை என்னும் பெயர் வழங்குகின்றது.

இனி மெல்லிய ஏட்டின் வினாவுக்கு வருவோம். ஈசிங் என்னும் மாணவர் ஹாம்பர்க் நகரில் தம் ஆசிரியர் லென்ஸ் கொடுத்த கணக்கொன்றைச் செய்து முடித்து 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஊசிகள் ஒரே வரிசையாக நிற்பதாகவும், ஒவ்வொன்றும் மேலோ கீழோ மட்டுமே நோக்குவதாகவும் அவர் வைத்துக்கொண்டார். அவ்வரிசை எந்த உஷ்ணத்திலும் காந்தமாக நில்லாது என்பது அவர் கண்ட முடிவு. காரணம் எளிதே. நீண்ட வரிசையில் ஒருவன் திரும்பி நிற்க, அவனுக்குப் பின்னுள்ளோர் யாவரும் அவனைப் பின்பற்றித் திரும்பி நின்றால், முரண்பாடு அந்த ஓரிடத்தில் மட்டுமே. வரிசை எத்துணை நீளமாயினும், அதனைக் கலைக்க அச்சிறு முரண்பாட்டுக்குரிய சக்தி போதும். சிறிதளவு உஷ்ணமும் அதனைத் தந்துவிடும்.

மாணவர் ஒரே வரிசையாக நில்லாமல் நெடுக்கும் குறுக்குமாக மைதானம் முழுவதும் நின்றால் நிலைமை வேறாகும். அவர்களுள் ஒரு கூட்டம் திரும்பி நிற்க வேண்டுமாயின், அக்கூட்டத்தின் சுற்றெல்லை முழுவதும் முரண்பாடு தோன்றும். கூட்டம் பெருகப் பெருக எல்லையும் நீளும். அதற்கு வேண்டிய சக்தியும் பெருகும். ஆகவே குறைந்த உஷ்ணத்தில் ஒழுங்கு கலையாது நிற்கும். இக்கருத்தைப் பையர்ல்ஸ் என்பவர் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1944-ஆம் ஆண்டில் லார்ஸ் ஆன்சாகர் என்பார் மிகக் கடினமான கணக்கொன்றினால் ஏட்டின் கியூரி உஷ்ணநிலையைப் பிழையறக் கணித்தும் காட்டினார்.

ஆயின் மேலோ கீழோ மட்டுமே நோக்கலாம் என்னும் கட்டுப்பாடு நீங்கி, ஒவ்வோர் ஊசியும் எத்திசையையும் ஒப்ப நோக்கலாம் என்றால் யாதாகும்? முதல் மாணவன் வடக்கு நோக்க, அடுத்தவன் ஒரு நூலிழையளவு திரும்பி நிற்கின்றான். அவனுக்கு அடுத்தவன் இன்னும் ஓர் இழையளவு திரும்புகின்றான். எவனும் தன் அண்டையானுக்கு முரணாக நிற்பதாக உணர்வதில்லை. எனினும் மைதானத்தின் மறுகோடியில் நிற்பவன் தெற்கு நோக்கி நிற்பான்! இத்தகைய நீண்ட மெல்லலைகளை எழுப்ப உஷ்ணத்துக்குச் சக்தி சிறிதே போதும். கனத்த பொருளில் மேலும் கீழும் உள்ள ஏடுகள் துணைநின்று இவ்வலைகள் ஒழுங்கைச் சிதைத்துவிடாதபடி காக்கின்றன. ஒற்றை ஏட்டுக்கு அத்துணை இல்லை. இவ்வித ஏட்டில் பூஜ்யத்துக்கு மேற்பட்ட எந்த உஷ்ணத்திலும் நிலையான காந்த ஒழுங்கு இராது என்பதை மெர்மின், வாக்னர் என்னும் இருவரும் 1966-ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தனர். ஈண்டுப் பூஜ்யம் என்றது கெல்வின் அளவையின் பூஜ்யத்தை. அஃது உறைநிலைக்குக் கீழ் ஏறக்குறைய 273 டிகிரி.

இந்நிரூபணத்தைக் கேட்ட பலர், ஓரேட்டுக் காந்தம் என்பது முயற்கொம்பே என்று எண்ணியிருக்கலாம். கூர்ந்து நோக்குவோர்க்கு அதிலேயே ஒரு வாயில் திறந்திருந்தது. எத்திசையும் ஒப்பாயிருந்தால் என்னும் நிபந்தனையின்மேல் அன்றோ அந்நிரூபணம் நிற்கின்றது? பளிங்கொன்றின் உள்ளமைப்பு, ஊசிகளை ஏட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி தூண்டுமாயின், அத்திசையை விட்டு விலகுவதற்கே ஒரு குறிப்பிட்ட சக்தி வேண்டியதாகும். அச்சக்தியைத் தர இயலாத குளிர்ச்சியில் மெல்லலைகள் பரவா; ஒழுங்கு நிலைக்கும். ஆகவே கணிதம் கதவை முற்றும் அடைக்கவில்லை. அத்தகைய பளிங்கு இயற்கையில் உண்டோ என்பதும், அதனை ஒற்றை ஏடாகப் பிரிக்க வல்லார் யார் என்பதுமே எஞ்சிய வினாக்கள்.

இரண்டாம் வினாவுக்கு வழிகாட்டியவர்கள் மான்செஸ்டர் சர்வகலாசாலையிலிருந்த கைம், நோவசெலவ் என்னும் இருவர். நம் முன்னோர் எழுதிவைத்த ஓலைச் சுவடிகளை நாம் கண்டிருக்கின்றோம். ஓர் ஓலையைக் குறுக்கே கிழிப்பதற்கு வலிமை வேண்டும்; ஓலையிலிருந்து ஓலையைப் பிரிப்பதோ எளிது. பென்சில்களில் இடும் காரீயம் எனப்படும் கிராபைட்டும் இத்தகைய சுவடியே. ஏட்டினுள் கரியணுக்கள் மிக வலுவாகப் பிணைந்துள்ளன. ஏடுகளுக்கிடையிலோ வான் டெர் வால்ஸ் விசை எனப்படும் தளர்ந்த ஈர்ப்பு மட்டுமே உண்டு. 2004-ஆம் ஆண்டில் மேற்கூறிய இருவரும் சாதாரண ஒட்டு நாடாவைக் கிராபைட்டின்மேல் ஒட்டி உரித்து, உரித்ததை மீண்டும் மீண்டும் உரித்து, ஓரணுக் கனமுள்ள ஏட்டைப் பெற்றனர். அதுவே கிராபீன் எனப்படுவது. விலையுயர்ந்த கருவியினும் பொறுமையும் கூர்நோக்கும் பெரிதென்பதைக் காட்டிய இப்பணிக்கு 2010-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. கிராபீன் தானாகக் காந்தமன்று. ஆயினும் ஏடு பிரிக்கும் வித்தை கைவந்துவிட்டபின், காந்த குணமுள்ள சுவடிப் பளிங்குகளை அறிஞர் தேடத் தொடங்கினர்.

2016-ஆம் ஆண்டில், இரும்பும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த பளிங்கொன்றின் ஒற்றை ஏட்டில் எதிர்முகக் காந்த ஒழுங்கு இருத்தலைக் கொரிய தேசத்து அறிஞர்கள் வெளியிட்டனர். மறு ஆண்டாகிய 2017-இல் ஒருமுகக் காந்தத்தைப்பற்றிய இரண்டு செய்திகள் ஒரே காலத்தில் வெளிவந்தன. கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரத்தார் குரோமியம், ஜெர்மேனியம், டெலுரியம் மூன்றும் கலந்த பளிங்கில் இரண்டே ஏடுகள் ஏறக்குறைய 30 கெல்வின் வரையில் காந்தமாயிருத்தலைக் கண்டனர். சியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷு என்பவரும், மாசசூசெட்ஸ் தொழிற்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹரியோ-ஹெரேரோ என்பவரும் தத்தம் மாணவர்களோடு கூடிச் செய்த ஆராய்ச்சியில், குரோமியம் அயோடைடு என்னும் பொருளின் ஒற்றை ஏடே 45 கெல்வின் வரையில், அஃதாவது உறைநிலைக்குக் கீழ் 228 டிகிரி வரையில், காந்தமாக நிற்பது தெரிந்தது. அப்பொருளின் கனத்த பளிங்கும் 61 கெல்வினிலேயே காந்தத்தை இழந்துவிடும் என்பதை நோக்க, ஒற்றை ஏடு இழந்தது பெரிதன்று என்பது விளங்கும்.

இவ்வேட்டின் அமைப்பு அழகியது. குரோமிய அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப்போல அறுகோண வடிவில் பரந்திருக்க, அவற்றின் மேலும் கீழும் அயோடின் அணுக்கள் மூடியிருக்கும். ஒவ்வொரு குரோமிய அணுவிலும் இணையில்லாத எலெக்ட்ரான்கள் மூன்று. கனமான அயோடின் அணுக்களின் துணையாலேயே, ஊசிகள் ஏட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் விருப்பம் பெரும்பாலும் உண்டாகின்றது. மெர்மின், வாக்னர் இருவரின் நிரூபணம் திறந்துவைத்த வாயில் இதுவே.

இத்துணை மெல்லிய ஏட்டின் காந்தத்தை அளந்தது எங்ஙனம்? இரும்புத்தூளைத் தூவிப் பார்த்தல் இயலாது. இதற்கு உதவியது நூற்றாண்டு கடந்த பழைய கண்டுபிடிப்பொன்று. கிளாஸ்கோ நகரில் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் கணிதம் கற்பித்து வந்த ஜான் கெர் என்பவர், 1877-ஆம் ஆண்டில், காந்தத்தின் மெருகிட்ட முனையில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத்தளம் சிறிது திரும்பிவிடுதலைக் கண்டார். எவ்வளவு திரும்புகின்றது, எப்பக்கம் திரும்புகின்றது என்பவற்றைக் கொண்டு காந்தத்தின் அளவையும் திசையையும் அறியலாம். ஒரு டிகிரியின் சிறு பின்னமேயான அத்திருப்பத்தை அளந்தே குரோமியம் அயோடைடின் காந்தம் உறுதிப்படுத்தப்பட்டது. கற்பித்தற் பணிக்கிடையே ஓர் ஆசிரியர் செய்த சோதனை, 140 ஆண்டுகளுக்குப் பின் உலகத்தின் மிக மெல்லிய காந்தத்தைக் காட்டும் கண்ணாயிற்று என்பது எண்ணி மகிழத்தக்கது.

அச்சோதனையில் எவரும் எதிர்பாராத புதுமையொன்றும் தோன்றியது. ஓர் ஏடு காந்தம். அதன்மேல் மற்றோர் ஏடு இயற்கையாக அமைந்திருப்பின், காந்தம் இருமடங்காகாமல் மறைந்துவிடுகின்றது! மூன்று ஏடுகளில் மீண்டும் தோன்றுகின்றது. இரண்டு ஏடுகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை நோக்கி நிற்றலால் ஒன்றன் வலியை மற்றொன்று அழிக்கின்றது. மூன்றாயின் ஒன்று எஞ்சுகின்றது. புறத்தே ஏறக்குறைய 0.65 டெஸ்லா அளவுள்ள காந்த மண்டலத்தை வைத்தால், எதிர்த்து நின்ற இரண்டு ஏடுகளும் ஒருமுகமாகிவிடுகின்றன. இப்புதுமையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. ஸ்பின்ட்ரானிக்ஸ் என்னும் துறை யாது என்பதை இனி விளக்குவோம். கணிப்பொறிகளில் இதுகாறும் எலெக்ட்ரானின் மின்னூட்டமே பெரிதும் பயன்படுத்தப்பட்டு வந்தது. மின்னூட்டம் நிறைந்த நுண்ணறை ஒன்று என்றும், வெறுமையான அறை பூஜ்யம் என்றும் கொண்டு, கணிப்பொறி தன் கணக்கை நினைவில் வைக்கின்றது. ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரைப்போல இம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருத்தலால், வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை எல்லா அறைகளையும் மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கின்றது. மின்சாரம் நின்றால் நினைவும் அழிகின்றது. காந்த ஊசியின் திசையோ, ஒருமுறை திருப்பி வைத்தால், எவர் காவலும் இன்றி அப்படியே நிற்கும். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் சுழற்சியையும் வேலை வாங்குவதே ஸ்பின்ட்ரானிக்ஸின் நோக்கம். செய்தியைக் காத்து வைப்பதற்கென்றே இடைவிடாது மின்சாரத்தைச் செலவிடும் நிலை மாறக்கூடும் என்பதே இதில் அடங்கிய பெரும்பயன்.

இத்துறைக்கு அடிகோலியது 1988-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. பிரான்சில் ஆல்பெர்ட் பெர் என்பவரும், ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க் என்பவரும், ஒருவரையொருவர் சாராமல், இரும்பும் குரோமியமும் மாறி மாறி அடுக்கிய மெல்லிய படலங்களை ஆராய்ந்தனர். இரும்புப் படலங்களின் காந்தம் எதிரெதிராக நிற்கும்போது மின்னோட்டத்துக்குத் தடை மிகுந்தும், ஒருமுகமானபோது தடை குறைந்தும் காணப்பட்டது. சுழற்சி ஒத்த எலெக்ட்ரான்களுக்கு வழிவிட்டு, ஒவ்வாதவற்றைத் தடுக்கும் வாயிற்காவலனைப்போல ஒவ்வொரு காந்தப் படலமும் நடந்துகொள்ளுதலே இதற்குக் காரணம். இதனைப் பயன்படுத்திய கருவிகள் 1997-ஆம் ஆண்டுமுதல் கணிப்பொறியின் நினைவுத் தட்டுகளில் பதிந்த செய்தியைப் படித்தற்கு வந்தன. 2007-ஆம் ஆண்டில் இருவர்க்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இரண்டு காந்தப் படலங்களுக்கிடையே மின்சாரம் கடத்தாத மெல்லிய தடுப்பொன்றை வைத்து, அதனை எலெக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்லும்படி செய்தால் இவ்வேறுபாடு இன்னும் மிகும். பிரான்சில் ஜூலியேர் என்பவர் 1975-ஆம் ஆண்டில் கடுங்குளிரில் இதனைக் காட்டினார். அறை உஷ்ணத்தில் இது நன்கு விளங்கியது 1995-ஆம் ஆண்டில். அதனைச் செய்தவர்களுள் ஒரு சாரார் ஜப்பானியரான மியாசாகியும் அவர் குழுவினரும். மற்றொரு சாரார் அமெரிக்காவில் ஜகதீஷ் மூதேராவும் அவர் குழுவினரும். மூதேரா நம் சென்னையிலுள்ள ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். இம்முறையில் அமைந்த நினைவுக் கருவிகள் 2006-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. மின்சாரம் நின்றாலும் அவற்றில் பதிந்த செய்தி அழியாது.

இத்துறையில் ஓரேட்டுக் காந்தங்களுக்கு இடம் யாது? மூன்று நன்மைகள் கூறலாம். முதலாவது, உலோகப் படலங்களை ஒன்றன்மேலொன்றாகப் படியவைக்கும்போது அவற்றின் அணுவரிசைகள் ஒத்து அமைய வேண்டும். இல்லையேல் எல்லையில் குறைகள் தோன்றும். சுவடி ஏடுகளுக்கோ இக்கட்டுப்பாடு இல்லை. வேறு வேறு பொருள்களின் ஏடுகளை எடுத்து நமக்கு வேண்டிய வரிசையில் அடுக்கிவிடலாம். இரண்டாவது, கனத்த உலோகத்தினுள் மின்மண்டலம் புக இயலாது. ஓரேட்டில் அது முழுவதும் ஊடுருவும். ஆகவே காந்தத்தை மின்னழுத்தத்தினாலேயே ஆள வழியுண்டாகின்றது. மூன்றாவது, பொருள் சிறிதாகையால் அதனைத் திருப்புவதற்கு வேண்டிய மின்னோட்டமும் குறையலாம்.

இவை வெறுங் கற்பனையல்ல. முன்னர்க் கூறிய குரோமியம் அயோடைடின் நான்கு ஏடுகளை இரண்டு கிராபீன் ஏடுகளுக்கிடையில் வைத்து 2018-ஆம் ஆண்டில் சோதித்தனர். ஏடுகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்போது மின்சாரம் மிகச் சிறிதே சென்றது, ஒருமுகமானபோது பெருகியது. தடையில் கண்ட வேறுபாடு நூற்றுக்கு 19,000, அஃதாவது ஏறக்குறைய 190 மடங்கு. ஏட்டின் எண்ணிக்கையால் தோன்றிய அப்புதுமையே ஈண்டுப் பயனாக மாறியது காண்க. அதே ஆண்டில், இரண்டு ஏடுகளின் எதிர்முக நிலையை ஒருமுக நிலையாக மின்னழுத்தத்தால் மாற்றுதல் கூடும் என்பதையும் சியாட்டிலிலும் கார்னெல் சர்வகலாசாலையிலும் காட்டினர்.

இனி இடர்களைக் கூறாது விடுதல் நேர்மையன்று. முதல் இடர் உஷ்ணம். 45 கெல்வின் என்பது திரவமாக்கிய நைட்ரஜனின் குளிர்ச்சியினும் கடுமையானது. அத்தகைய குளிர்ச்சியில் மட்டும் வேலை செய்யும் கருவியை யார் தம் மேசைமேல் வைத்துக்கொள்வர்? இரும்பும் ஜெர்மேனியமும் டெலுரியமும் சேர்ந்த மற்றொரு பளிங்கின் ஒற்றை ஏடு ஏறக்குறைய 130 கெல்வின் வரையில் நிற்பது 2018-ஆம் ஆண்டில் தெரிந்தது. சில ஏடுகளே கொண்ட அதன் துண்டொன்றில், மின்னழுத்தத்தின் உதவியால் லித்தியத்தைப் புகுத்தி அறை உஷ்ணம் வரையில் காந்தத்தை நிறுத்தவும் ஷாங்காய் நகரத்தார் வழிகண்டனர். ஜெர்மேனியத்துக்குப் பதிலாகக் காலியம் சேர்ந்த பளிங்கு 350 முதல் 380 கெல்வின் வரையில், அஃதாவது நம் கோடைவெயிலையும் கடந்து, காந்தமாக நிற்பதாக 2022-ஆம் ஆண்டில் சீன தேசத்தார் வெளியிட்டனர். இஃது ஊக்கமூட்டும் செய்தியே. ஆயினும் ஏடு குறையக் குறைய அதன் எல்லையும் தாழ்கின்றது.

இரண்டாம் இடர் காற்று. குரோமியம் அயோடைடின் ஏடு ஈரக்காற்றுப் பட்டவுடன் சிதையத் தொடங்கும். ஆகவே ஆக்ஸிஜனும் நீராவியும் நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியே கையைச் செலுத்தி வேலை செய்து, ஏட்டை வேறு ஏடுகளுக்கிடையில் பொதிந்து காக்க வேண்டியிருக்கின்றது. குரோமியமும் கந்தகமும் புரோமினும் சேர்ந்த பளிங்கு இவ்வகையில் உறுதியானது. அதன் ஒற்றை ஏடு 146 கெல்வின் வரையிலும் காந்தமாயிருத்தலை 2021-ஆம் ஆண்டில் அளந்தனர். மூன்றாம் இடர் அளவு. நாடாவால் உரித்தெடுக்கும் துண்டுகள் பெரும்பாலும் தலைமயிரின் கனத்தளவே அகலமுள்ளவை. ஒரு துண்டைத் தேடி எடுக்க மாணவர் ஒருவர் நாள் முழுவதும் நுண்ணோக்கியின்முன் அமர்ந்திருத்தல் ஆராய்ச்சிக்குத் தகும், தொழிற்சாலைக்குத் தகாது. பரந்த ஏடுகளை ஒரேசீராக வளர்த்தெடுக்கும் முறை கைகூடினாலன்றி, இக்காந்தங்கள் சோதனைச்சாலையை விட்டு வெளிவருதல் அரிது.

நான்காவதாக ஒன்று உண்டு; அதனை இடர் என்பதினும் எச்சரிக்கை என்பதே பொருந்தும். வனேடியமும் செலினியமும் சேர்ந்த ஏடு அறை உஷ்ணத்திலேயே வலிய காந்தமாயிருப்பதாக 2018-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மிகவும் விரும்பத்தக்க முடிவு அது! ஆயின் பிறர் அதே ஏட்டை வளர்த்து, வெவ்வேறு முறைகளால் நுணுகி நோக்கியபோது, ஏட்டுக்கு இயல்பான அத்தகைய காந்த ஒழுங்கு அவர்களுக்குப் புலப்படவில்லை. எடை காண முடியாத அளவு சிறிய பொருளில், பரப்பிலே தங்கிய இரும்பின் துகளொன்றும் காந்தம்போல் தோன்றி நம்மை மயக்கக்கூடும். ஆதலின் ஒரு முடிவு எத்துணை இனியதாயினும், பலர் பல வழியாற் சோதித்து ஒப்புக்கொள்ளும்வரை அதனை உண்மையென்று கொள்ளாமையே விஞ்ஞானத்தின் நெறி. குரோமியம் அயோடைடு இன்று உறுதியாக நிற்பது, அது முதலிற் கண்டவர் கையில் மட்டுமன்றிப் பிறர் கைகளிலும் அவ்வாறே நடந்துகாட்டியதனால்தான்.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றில் நாம் கருதற்பாலது ஒன்று உண்டு. மெர்மின், வாக்னர் இருவரும் நிரூபித்தது பொய்யாகவில்லை. இன்றும் அது மெய்யே. இதனைச் சோதித்துக் காட்டும் பொருளும் கிடைத்துள்ளது. குரோமியம் குளோரைடு என்னும் ஏட்டில் ஊசிகள் செங்குத்தாக நில்லாமல் ஏட்டின் தளத்திலேயே எத்திசையும் நோக்கிச் சுழல வல்லவை. 2021-ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்தோர், அதில் தோன்றும் ஒழுங்கு வேறு வகையினது என்றும், காஸ்டர்லிட்ஸ், தௌலஸ் என்போர் 1973-ஆம் ஆண்டில் கணித்த வகையோடு அது ஒத்திருக்கின்றது என்றும் கண்டனர். முடியாது என்ற நிரூபணத்தை வெறுத்துத் தள்ளியவர்களும் இதில் வெற்றி பெறவில்லை. அதனைக் கேட்ட மாத்திரத்தில் முயற்சியைக் கைவிட்டவர்களும் பெறவில்லை. அந்நிரூபணம் எந்த நிபந்தனையின்மேல் நிற்கின்றது என்று பொறுமையோடு படித்தவர்களே, அந்நிபந்தனை பொருந்தாத பளிங்கைத் தேடிச் சென்றனர்.

தேட வேண்டுவன இன்னும் பல உள. அறை உஷ்ணத்தில் அசையாது நிற்பதும், காற்றில் அழியாததும், பரந்த அளவில் வளர்க்கத்தக்கதுமான ஒற்றை ஏடு, இம்மூன்று குணமும் ஒருங்கே வாய்ந்ததாய்த் தொழிற்சாலையை எட்டும் நாளை அறிஞர் எதிர்நோக்கியிருக்கின்றனர். கணிதத்தில் தேர்ச்சியுள்ளவர், பளிங்கு வளர்க்கும் இரசாயனம் கற்றவர், நுண்ணிய கருவிகளைக் கையாளும் பொறுமையுள்ளவர் ஆகிய அனைவர்க்கும் இத்துறையில் வேலை உண்டு. நம் கலாசாலைகளில் பயிலும் இளைஞரும் மகளிரும் அவ்வேலையில் தமக்குரிய பங்கை எடுத்துக்கொள்வாராக.